தான மாடு அல்ல, பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

மேச்சேரிப் பக்கம் நீங்கள் போயிருக்கிறீர்களோ இல்லையோ, மேச்சேரி ஆட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செம்பழுப்பு நிறம், குட்டை மயிர். கம்பளிக்கு உதவாது. ஆனால் கறிக்கும் தோலுக்கும் அதற்கு இருக்கிற கிராக்கி வேறு ஆட்டுக்குக் கிடையாது. சந்தையில் அதை விலை பேச வருகிறவர் உடனே பணத்தை எடுத்து நீட்டிவிட மாட்டார். முதலில் முதுகை அழுத்திப் பார்ப்பார். பிறகு வாயைத் திறந்து பல்லை எண்ணுவார். அதற்கப்புறம்தான் அவர் கை மடிக்குப் போகும்.

ஆட்டுக்கு இத்தனை சோதனை செய்கிற ஊரில், சட்டசபை அங்கத்தினர் வந்து பட்ஜெட்டைப் பற்றிப் பேசினால் மட்டும் என்ன நடக்கிறது?

ஒரு காட்சியை மனத்தில் கட்டிக்கொள்ளுங்கள். பத்ரகாளியம்மன் கோயில் மாசித் திருவிழா முடிந்து ஊர் மூச்சு விடுகிற சமயம். சென்னையில் பட்ஜெட் கூட்டம் முடிந்து எம்.எல்.ஏ. தொகுதிக்குத் திரும்பியிருக்கிறார். ஒலிபெருக்கி கட்டியாயிற்று. நாற்காலிகளில் ஆண்கள், வாசற்படிகளிலும் திண்ணைகளிலும் பெண்கள். எம்.எல்.ஏ. பேசுகிறார். இத்தனை ஆயிரம் கோடி என்கிறார். அத்தனை லட்சம் மாணவர் என்கிறார். கைதட்டல் எழுகிறது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டியம்மாள் எழுந்து கேட்கிறாள்:

"ஏனுங்க தம்பி, கோடி கோடின்னு சொல்றீங்க, சந்தோஷமுங்க. எங்க பேத்தி படிக்கிற பள்ளிக்கோடத்துக்கு அதுல எத்தனைங்க வந்துச்சு?"

கூட்டம் சிரிக்கிறது. எம்.எல்.ஏ.யும் சிரிக்கிறார். ஆனால் அன்றைக்கு அங்கே கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?' என்று பழமொழி சொல்லி உங்களை யாராவது உட்கார வைக்கப் பார்ப்பார்கள். உட்கார்ந்து விடாதீர்கள். பட்ஜெட் தான மாடு அல்ல. நம் பணத்தில் வாங்கிய மாடு. எப்படி என்று கேளுங்கள்.

சேலத்தில் தொடங்கிய கதை

இந்தக் கணக்கின் வேரைத் தேடிப் போனால் அது நம் சேலம் ஜில்லாவிலேயே வந்து நிற்கும். சேலத்தில் வக்கீலாக இருந்து, நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். நிதி இலாகாவையும் அவரே வைத்துக்கொண்டார். அதே மந்திரி சபையில் கல்வி இலாகாவைப் பார்த்தவர் டாக்டர் பி. சுப்பராயன். அவரும் அந்நாளைய சேலம் ஜில்லாவில் குமாரமங்கலத்துக்காரர்தான்.

1937 அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கு முதன் முதலாகச் சேலம் ஜில்லாவில் அமுலுக்கு வந்தது. அன்றைக்கு எத்தனை வீட்டு அடுப்புகளில் நிம்மதியாக நெருப்பு எரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! ஆனால் சர்க்காரின் கஜானாவில் ஓட்டை விழுந்தது. கள், சாராய வருமானம் அந்நாளில் மாகாணத்துக்குப் பெரிய வருமானம். பள்ளிக்கூடங்களுக்குப் போகிற பணமும் அந்தப் பானையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. குழந்தைகளின் படிப்புக்குக் குடிகாரனின் காசை நம்பியிருக்க வேண்டியிருக்கிறதே என்று காந்திஜியே அந்த வருஷம் மனம் நொந்து எழுதினார்.

ஓட்டையை அடைக்க ராஜாஜி கண்ட வழி, 1939-ல் வந்த பொது விற்பனை வரி. கடையில் சாமான் வாங்குகிற ஒவ்வொருவரும் சர்க்காருக்குக் காசு கொடுக்கிற வழக்கம் அப்படித்தான் இங்கே ஆரம்பித்தது. அந்த வரி பெயர் மாறி, உருமாறி, 2007-ல் மதிப்புக் கூட்டு வரியாகி, 2017 முதல் ஜி.எஸ்.டி. என்று நம்மிடையே நடமாடுகிறது. குளிக்கிற சோப்பில் வரி உண்டு. குழந்தைக்கு வாங்குகிற பிஸ்கட்டிலும் உண்டு. 'எங்களுக்கு வருமானமே இல்லை, வரி ஏது?' என்று எந்தப் பெண்மணியும் சொல்லிக்கொள்ள வேண்டாம். மளிகைச் சீட்டு உங்கள் கையில் இருக்கும் வரை நீங்களும் வரி கட்டுகிறவர்தான்.

இன்னொரு வேடிக்கையையும், அல்ல, வேதனையையும் சொல்லிவிடுகிறேன். 1971-ல் மதுவிலக்குத் தளர்ந்தது. பிறகு சில முறை இறுகியும் நெகிழ்ந்தும், 2003-ல் சில்லறைக் கடைகளையும் சர்க்காரின் டாஸ்மாக் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. 2024-25-ல் மது விற்பனையால் சர்க்காருக்கு வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய். அதே வருஷம் பள்ளிக் கல்விக்கு என்று பட்ஜெட்டில் ஒதுக்கியது 44,042 கோடி ரூபாய். இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 1937-ல் சேலத்தில் எழுந்த கேள்வி இன்னும் செத்துப்போகவில்லை என்பது தெரியும்.

நூறு ரூபாய் வெட்டுகிற வித்தை

சரி, சட்டசபையில் பட்ஜெட் எப்படி நிறைவேறுகிறது? அதுவும் குடும்பக் கணக்கு மாதிரிதான். என்ன, நோட்டுப் புத்தகம் கொஞ்சம் பெரிசு.

முதலில் நிதி மந்திரி வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கிறார். சில நாள் பொது விவாதம் நடக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு இலாகாவாக 'மானியக் கோரிக்கை' வருகிறது. 'இந்த இலாகாவுக்கு இத்தனை ரூபாய் கொடுங்கள்' என்று மந்திரி சபையிடம் கேட்க வேண்டும். சபை சம்மதித்தால்தான் காசு. பள்ளிக் கல்விக்கு 43-ம் எண் கோரிக்கை. உயர் கல்விக்கு 20. சமூக நலத்துக்கு 45. வீட்டில் பால்காரர் கணக்குக்கு ஒரு பக்கம், மளிகைக் கணக்குக்கு ஒரு பக்கம் வைத்துக்கொள்கிறோமே, அதைப் போல இந்த எண்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விசித்திரம். அரசியல் சட்டத்தின்படி அங்கத்தினர்கள் கேட்ட தொகைக்குச் சம்மதிக்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட மட்டும் முடியாது. 'எங்கள் ஊர்ப் பள்ளிக்கு இன்னும் கொடுங்கள்' என்று கேட்க நினைக்கிற எம்.எல்.ஏ. என்ன செய்வார்? 'இந்தத் தொகையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும்' என்று ஒரு வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்! நூறு ரூபாய் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தச் சாக்கில் எழுந்து நின்று, கூரை ஒழுகுகிறது, ஆசிரியர் இல்லை, பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறை இல்லை என்று நடந்ததையெல்லாம் சபையில் பதிவு செய்துவிடலாம். மாமியார் எதிரே நேரடியாகக் கேட்க முடியாததைச் சுற்றி வளைத்துக் கேட்கிற மருமகளின் சாமர்த்தியம் இது.

ஆகவே எம்.எல்.ஏ. தொகுதிக்கு வந்து, 'சபையில் பேசினேன்' என்று சொன்னால், 'எந்தக் கோரிக்கையில் பேசினீர்கள்? எந்தப் பள்ளியைப் பற்றிப் பேசினீர்கள்?' என்று கேட்கலாம். சட்டசபையில் பேசியதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பாகப் பதிவாகிறது. ஒவ்வொரு கோரிக்கையின்போதும் மந்திரி தமிழிலேயே கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றையும் வெளியிடுகிறார். வீட்டில் காலேஜில் படிக்கிற பிள்ளை இருந்தால், கைப்பேசியிலேயே தேடி எடுத்துக் கொடுத்துவிடும்.

மூன்று மணி நேரப் பள்ளிக்கூடம்

சபையில் நடக்கிற பேச்சுக்கு அவ்வளவு மதிப்பா என்று கேட்பீர்கள். 1953-ல் நடந்ததைக் கேளுங்கள்.

ராஜாஜி மறுபடியும் முதல் மந்திரியாக இருந்த காலம். பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தே வருஷத்தில் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க முயல வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லியிருந்தது. பணமோ இல்லை, ஆசிரியர்களோ போதவில்லை. ராஜாஜி ஒரு திட்டம் போட்டார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பை மூன்று மணி நேரமாக்குவது. ஒரு பிரிவுக்குக் காலை. இன்னொரு பிரிவுக்கு மாலை. அதே ஆசிரியர், அதே கட்டடம், இரட்டிப்புப் பிள்ளைகள். மீதி நேரத்தில் பையன்கள் தகப்பன் செய்யும் தொழிலைப் பழக வேண்டும். பெண்கள் தாயாருக்குக் கூடமாட ஒத்தாசையாக இருந்து வீட்டு வேலை பழக வேண்டும்.

கணக்குப் பார்த்தால் சிக்கனம்தான். ஆனால் தகப்பன் செருப்புத் தைத்தால் மகனும் செருப்புத்தான் தைக்க வேண்டுமா, தாய் அடுப்பூதினால் மகளும் அடுப்புத்தான் ஊத வேண்டுமா என்று நாடு கேட்டது. 'குலக்கல்வித் திட்டம்' என்று அதற்குப் பெயர் வைத்தது. முன்கூட்டிச் சட்டசபையைக் கலந்துகொள்ளாமலே திட்டம் தொடங்கப்பட்டுவிட்டது. ஆனால் சபைக்கு விஷயம் வந்தபோது எதிர்க்கட்சிகள் மட்டுமல்ல, ஆளும் கட்சிக்காரர்களே கொதித்தார்கள். பருலேகர் தலைமையில் நிபுணர் குழு போடப்பட்டது. குழு திட்டத்துக்கு ஆதரவாகத்தான் சொல்லிற்று. ஆனாலும் ஜனங்கள் ஏற்கவில்லை. 1954-ல் ராஜாஜி பதவியிலிருந்து விலகினார். ஏப்ரல் 13-ந் தேதி காமராஜ் முதல் மந்திரியானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

காமராஜ் மந்திரி சபையில் நிதி, கல்வி ஆகிய இரண்டு இலாகாக்களையும் சி. சுப்பிரமணியம் ஒருவரே ஏற்றுக்கொண்டார். கொத்துச் சாவியும் அடுக்களையும் ஒரே கையில் இருந்தால் வீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பள்ளிகள் பெருகின. 1956-ல் மதிய உணவு தொடங்கியது. கல்வி இலாகாத் தலைவராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய், சர்க்கார் ஒரு பங்கு, ஊரார் ஒரு பங்கு என்று அதை வளர்த்தார்.

சாப்பாட்டுக்காகப் பள்ளிக்கூடமா என்று அன்றும் கேலி பேசியவர்கள் உண்டு. 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிய அளவில் தொடங்கியபோதும், கஜானா தாங்குமா என்று கேட்டார்கள். கஜானா தாங்கிற்று. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். எத்தனையோ ஆதரவற்ற பெண்களுக்கு அமைப்பாளர், சமையல்காரர் என்று உத்தியோகமும் கிடைத்தது. 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவு தொடங்கியது; முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிந்தது. விடியற்காலையில் தறிக்கோ, காட்டு வேலைக்கோ கிளம்புகிற ஒரு தாய்க்கு, 'பிள்ளை வெறும் வயிற்றோடு போயிற்றே' என்ற உறுத்தல் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பட்ஜெட் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் எழுத முடியாது.

மூன்று கட்சி, மூன்று காலம், ஒரே பாடம். 'எவ்வளவு செலவாகும்?' என்று மட்டும் பார்த்த திட்டம் நிற்கவில்லை. 'எந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?' என்று பார்த்த திட்டங்கள் நின்றன.

நூறு ரூபாயில் பத்தரை

2025 மார்ச் 14-ந் தேதி நிதி மந்திரி தங்கம் தென்னரசு 2025-26-க்கான பட்ஜெட்டைப் படித்தார். பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய். உயர் கல்விக்கு 8,494 கோடி ரூபாய். இத்தனை சைபர்களைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றுகிறது. மொத்தச் செலவு சுமார் 4.39 லட்சம் கோடி. அதை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பள்ளிக்கூடத்துக்குச் சுமார் பத்தரை ரூபாய். காலேஜுகளுக்கு இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பத்தரை ரூபாயிலும் பெரும் பங்கு ஆசிரியர் சம்பளத்துக்குப் போய்விடும். அது வீண் செலவு அல்ல. ஆசிரியர் இல்லாமல் பள்ளி ஏது? ஆனால் கட்டடம், கழிப்பறை, ஆய்வுக்கூடம், புத்தகம் எல்லாம் மீதியிலிருந்துதான் வர வேண்டும்.

அந்த வருஷத்துப் பெரிய விவாதம் டில்லியோடு. கல்வி முன்பு மாநிலங்களின் பட்டியலில் இருந்தது. 1976-ல் வந்த 42-வது அரசியல் சட்டத் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அன்று முதல் சமையற்கட்டில் இரண்டு பேர் கரண்டி பிடிக்கிறார்கள். 'சமக்ர சிக்ஷா' என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்கு மத்திய சர்க்கார் தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று பட்ஜெட் உரையிலேயே நிதி மந்திரி குறைபட்டுக்கொண்டார். தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம்.ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றது மத்திய சர்க்கார். மூன்றாவது மொழி முதலியவற்றை ஏற்க முடியாது, 1968 முதல் எங்களுடையது இருமொழிக் கொள்கை என்றது மாநில சர்க்கார். 2025 ஆகஸ்டு 8-ந் தேதி மாநிலத்துக்கென்று தனிக் கல்விக் கொள்கையும் வெளியாயிற்று. பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வு நீக்கப்பட்டதும் அப்போதுதான்.

யார் பக்கம் நியாயம் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். இருக்கட்டும். ஆனால் அண்ணனும் தம்பியும் பாகப் பிரிவினையில் வாதாடும்போது அழுகிற குழந்தையை யார் தூக்குவது? தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடம் உண்டு; அந்தச் சம்பளத்தை சர்க்கார் கட்ட வேண்டும். அந்தப் பணமும் இந்த இழுபறியில் மாட்டிக்கொண்டு, 2025-ல் அந்தச் சேர்க்கை மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று. ஜூன் மாதம் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய குழந்தை வாசலில் நின்றது. கோடிக் கணக்கில் நடக்கிற விவாதம் கடைசியில் ஒரு குழந்தையின் சீருடையில் வந்து முடிகிறது.

நான்கு கேள்விகள்

மேச்சேரிப் பேரூராட்சி மேட்டூர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. நீங்கள் வேறு தொகுதியாக இருக்கலாம். உங்கள் எம்.எல்.ஏ. எந்தக் கட்சிக்காரராகவும் இருக்கலாம். அடுத்த தடவை அவர் வரும்போது, மாலையும் ஆரத்தியும் முடிந்த பிறகு, மரியாதையாக இந்த நான்கையும் கேளுங்கள்.

ஒன்று: "போன வருஷம் பள்ளிக்கு என்று ஒதுக்கியதில் உண்மையாகச் செலவானது எவ்வளவுங்க?" ஒதுக்குவது ஒன்று, செலவிடுவது வேறொன்று. அடுத்த வருஷத்துப் பட்ஜெட்டில் 'திருத்திய மதிப்பீடு' என்று ஒரு பத்தி இருக்கும். குட்டு அங்கேதான் உடையும்.

இரண்டு: "நம் ஊர்ப் பள்ளிக்காகக் கேள்வி நேரத்தில் என்ன கேட்டீங்க? மந்திரி என்ன பதில் சொன்னாருங்க?"

மூன்று: "தொகுதி மேம்பாட்டு நிதியில் பள்ளிகளுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்பது சமீப ஆண்டுகளின் கணக்கு. ஒரு வகுப்பறைக்கும் ஒரு கழிப்பறைக்கும் அதில் இடம் இல்லாமலா போய்விடும்?

நான்கு: "எட்டாவது முடித்த பெண் பிள்ளை பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் எப்படிப் போய் வரும்?" இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் பஸ் இல்லை, துணைக்கு ஆள் இல்லை என்று ஒன்பதாவதிலேயே நின்றுவிட்ட பெண்ணுக்கு அந்த ஆயிரம் ரூபாய் எட்டாக் கனி. படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு வீட்டில் அடுத்து எடுக்கப்படுவது ஜாதகக் கட்டுதான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

தனியாகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? அதற்கும் வழி உண்டு. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிக்கு ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவில் ஒரு தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டு, எம்.எல்.ஏ.யின் கையில் கொடுங்கள். வாய்ச் சொல் காற்றில் போகும்; காகிதம் சட்டைப் பையில் கனக்கும்.

1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபைக்குள் முதல் பெண் அங்கத்தினராக நுழைந்தபோது, அவர் ஒருவர்தான் பெண். அப்போது முதல் மந்திரி, மேலே சொன்ன அதே சுப்பராயன். சபைக்குள் தனியாக நின்று அந்த அம்மையார் கேட்டார். நாம் நம் ஊர்த் திடலில், நாலு பேர் சேர்ந்து நின்று கேட்கக் கூடாதா?

நம் பாட்டியம்மாளுக்கு வருவோம். அவள் கேட்ட கேள்விக்கு எம்.எல்.ஏ. என்ன பதில் சொல்வார்? நல்லவராக இருந்தால், "ஆத்தா, கணக்கு இப்போ கையில் இல்லைங்க. அடுத்த தடவை வரும்போது கொண்டுவந்து சொல்றேனுங்க" என்பார்.

அப்படிச் சொன்னால் விட்டுவிடாதீர்கள். சந்தைக்கு வருகிறவர் தேதியை மறப்பதில்லை. நீங்களும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.